சவரிமுத்து மாஸ்டரும் ஆகாயத்தாமரையும்

மாதா கோயில் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் அல்லன். எங்கள் சாமி ஆத்தூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் அரிவாளோடு நிற்கிறார். ஆனாலும் இம்புட்டுப் பெரிய எழுத்தில், அடிக்கடி மாற்றி எழுதப்படும் பாடம் வேறெங்கே கிடைக்கும்? அன்று காலையும் நின்றேன். சவரிமுத்து என்ற பெயரைத் தடுமாறாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த வரி, போட்டோ மாஸ்டர். அதையும் படித்துவிட்டேன். அதற்குக் கீழே ‘அடக்கம் மாலையில்’ என்று இருந்ததைப் படித்த பிறகுதான், நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவுச் செய்தி அதுதான். மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தால், “பரவாயில்லையே அண்ணே, தப்பில்லாம படிச்சுட்டீங்களே” என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். அதை நினைத்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று மாஸ்டரின் மனைவி தெரேசம்மா சொல்லிவிட்டார். என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் காளியப்பன். திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மாஸ்டரின் ஸ்டூடியோவில் பிரிண்ட் கழுவிக்கொண்டிருந்தவன். மாஸ்டர் படம் எடுப்பார், இருட்டறையில் பிரிண்ட் போடுவார். நான் கழுவி, உலர்த்தி, ஓரம் வெட்டி உறையில் போடுவேன். அவர் என்னைவிட இளையவர். அதனால் அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் மாஸ்டர். கடைசிவரை இது மாறவில்லை.

இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலானோர் ஒரு நாளாவது அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தும்போது அவர் தலை இடது பக்கம் கொஞ்சம் சாயும், ஏதோ அவரைத்தான் யாரோ படம் எடுப்பது போல. அது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்குத் தெரியாதது, ஒரு மிதக்கும் செடியைப் பிழைக்க வைக்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கொடைக்கானலில் எஸ்டேட் துரை ஒருவர் தம் நாட்டுக்குப் போகிறார், வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார் என்று கேள்விப்பட்டு, மாஸ்டர் ஒரு கேமரா ஸ்டாண்டு வாங்கப் போனார். எங்களிடம் இருந்த ஸ்டாண்டுக்கு ஒரு கால் ஆடும். மறுநாள் வத்தலக்குண்டு வழியாக வந்த காய்கறி லாரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, வைக்கோல் சுற்றிய ஒரு கண்ணாடித் தொட்டியை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ஒரு தூக்குவாளி. அதற்குள் விரல் நீளத்தில் சிவப்பு மீன்கள்.

தெரேசம்மா வாசலில் நின்று வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஸ்டாண்டு எங்க?”

“அது வெல கூடப் போயிருச்சு.”

“இது?”

“தொட்டிய வாங்குனா மீனு சும்மா குடுத்தாங்க.”

“நல்லவேள, உங்கள மீன் வாங்க அனுப்பல. அனுப்பியிருந்தா ரயில வாங்கிட்டு வந்திருப்பீங்க.”

மாஸ்டர் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படம் எடுக்கும் அறையில், நாற்காலிக்குப் பக்கத்தில், முக்காலியின் மேல் வைத்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர் மக்கள் கேமராவுக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி உட்காருவார்கள். பெரியவர்கள் முறைப்பார்கள். குழந்தைகள் விளக்கைப் போட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். மாஸ்டருக்கு அதுதான் தீராத குறை. “கண்ணுதான் படம் அண்ணே, மத்ததெல்லாம் வெறும் சட்டையும் துணியும்தான்” என்பார். பக்கத்தில் மீன் ஓடினால் பயம் தெளிந்து கண் தானாகத் திறக்கும் என்று நம்பினார்.

மனிதர்களுக்குச் சரி. மீன்களுக்கு யார் சொல்வது? படம் எடுக்கும் பெரிய விளக்குகளைப் போட்டவுடன் அத்தனை மீனும் தொட்டியின் பின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. வெற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மக்கள் முன்போலவே முறைத்தார்கள்.

ஒரு நாள் கேமராவின் கறுப்புத் துணி நழுவித் தொட்டியின் மேல் பாதியை மூடிக்கொண்டது. செத்த நேரத்தில் மீன்கள் நிழலுக்கு வந்தன. நிழலிலிருந்து வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், விளையாடத் தொடங்கின. மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அண்ணே, அதுங்களுக்கு வேண்டியது கூரை.” தொட்டியைத் துணியால் மூடிவைத்துப் படம் எடுக்க முடியாது. பளபளப்புக் காகிதத்தில் தாமரை இலை செய்து மிதக்கவிட்டார். அது நனைந்து கரைந்து, மீன்கள் அதைத் தின்னப் பார்த்தன. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“எங்க ஊரு வாய்க்கால்ல ஆகாயத்தாமரைன்னு ஒண்ணு கெடக்கு மாஸ்டர். சின்ன முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். கீழ தாடியா வேர் தொங்கும்.”

“மெதக்குமா?”

“மெதக்குறதத் தவிர அதுக்கு வேற வேலையே தெரியாது.”

மறுநாளே பஸ் ஏறி ஆத்தூருக்குப் போனேன். என் தங்கை புருஷன் பெருமாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தச் செடியைத்தான் வாரிவாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்தான். வாய்க்காலை அடைத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் போக விடாது அது. எனக்கு ஒரு வாளி வேண்டும் என்றேன்.

“ஒரு வண்டி எடுத்துட்டுப் போங்க மச்சான். எதுக்கு, மாட்டுக்கா?”

“வளக்க.”

பெருமாள் நிமிர்ந்து நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏ புள்ள, உங்கண்ணன் வந்திருக்காரு. நான் விடிஞ்சதுலருந்து புடுங்கி எறியறத அவரு டவுனுல வளக்கப் போறாராம். மொதல்ல மோரக் குடு, வெயிலு தலைக்கேறியிருக்கு.”

அந்தச் செடி தொட்டிக்கு வந்ததும் மாஸ்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பச்சைக் கூரையின் கீழே மீன்கள் வெளியே வந்து விளையாடின. ஒரு வாரம் நானும் மாஸ்டரும் தரையில் நடக்கவில்லை. பிறகு இலை மஞ்சளாகத் தொடங்கியது.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரிண்டை ஹைப்போ என்ற மருந்தில் போட்டு எடுத்தால்தான் படம் நிற்கும். ஆனால் அந்த மருந்து தாளில் தங்கிவிட்டால் சில மாதங்களில் படம் மஞ்சளாகிவிடும். அதனால் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். அது என் வேலை. யாராவது மஞ்சளான படத்தைக் கொண்டுவந்தால் மாஸ்டர் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வேறு பேச்சு இருக்காது. ஸ்டூடியோவில் எங்களுக்கு இருந்த ஒரே சட்டம், மஞ்சளானால் கழுவியது போதவில்லை என்பது.

அன்றும் மாஸ்டர் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மஞ்சளாயிருக்கு அண்ணே.”

“ஆமா மாஸ்டர்.”

“கழுவல பத்தல.”

எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வாய்க்கால் சேறும் சகதியுமாக வந்த செடி அல்லவா. பிரிண்ட் கழுவும் தட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு செடியாக எடுத்து, முதல் தட்டில் அலசி, இரண்டாவதில் ஊறவைத்து, மூன்றாவதில் புரட்டி எடுத்தேன். வேரில் ஒரு தூசி இல்லாமல் சீவிவிட்டேன். தொட்டித் தண்ணீரையும் தினமும் மாற்றினோம். அதுவும் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர் இல்லை. தெருக்குழாயில் விடியற்காலையில் வரும் ஆத்தூர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர். திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். குடத்தை வரிசையில் வைத்து அதைப் பிடித்து வந்தவர் தெரேசம்மாதான்.

“குடிக்கிற தண்ணிய எலைக்கு ஊத்துறீங்க” என்பார். “எனக்கும் ஒரு சொம்பு மிச்சம் வைங்க. நானும் அதுல செத்த நேரம் மெதந்துக்கிறேன்.”

கழுவக் கழுவ மஞ்சள் கூடியது. மஞ்சள் கூடக் கூடக் கழுவினோம். இலைகள் நனைந்த காகிதம் போல ஒளி ஊடுருவத் தொடங்கின. வேர்கள் கையோடு வந்தன. எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. என் கைப்பட்டு ஒரு பிரிண்ட் மஞ்சளானதில்லை என்று பேர் எடுத்தவன் நான். பழைய செடி செத்ததும் ஆத்தூருக்குப் போய்ப் புதிதாகக் கொண்டுவருவேன். பஸ் கண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்து, “என்னய்யா, வாரா வாரம் கீரை கொண்டு போற. உன் வீட்டுல வேற வெஞ்சனமே கெடையாதா?” என்பார்.

செடி இல்லாத நாட்களில் என்ன செய்தோம்? நெகட்டிவில் டச்சிங் செய்வதில் மாஸ்டரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. அம்மைத் தழும்பை மறைப்பார், காதில் இல்லாத தோட்டை மாட்டிவிடுவார். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, மயிரிழைப் பென்சிலால், வெறும் தண்ணீரின் மேல் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டார். பிரிண்டில் பார்த்தால் அசல் செடி தோற்றுவிடும். அந்தச் சில வருடங்களில் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு செடி மிதக்கும். அது வாய்க்காலில் முளைத்தது அல்ல.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் காய்கறி வியாபாரி ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்க நெருங்கினார். வாசலில் மாட்டியிருந்த படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“ஏனுங்க மாஸ்டர், போன வருசத்துப் படத்துலயும் இதே செடி. இந்த வருசமும் இதேதானுங்க. ஒரு எல கூடவுமில்ல, கொறயவுமில்லீங்களே.”

“நல்லா பாத்துக்கறோமுங்க” என்றார் மாஸ்டர்.

“தொட்டியில காணமுங்களே?”

“உள்ள ஓய்வெடுக்குதுங்க.”

வியாபாரி தலையாட்டிக்கொண்டே போனார். நான் இருட்டறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். மாஸ்டரும் பின்னால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனால் செடியை வரைந்தால் படத்துக்குத்தான் செடி கிடைக்கும். மீனுக்குக் கூரை கிடைக்காது. மீன் வராது, குழந்தைகளின் கண்ணும் திறக்காது. அது எங்கள் கழுத்தைப் பிடிக்கும் நாளும் வந்தது.

ஒவ்வொரு வருடமும் கோடைக்காலத்தில் கான்வென்ட் பள்ளிப் பிள்ளைகள் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம், வாங்குவார்கள். வெள்ளை உடையும் பூமுடியும் மெழுகுவர்த்தியுமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே படம். அந்த வேலைதான் கல்யாணம் இல்லாத மாதங்களில் இரண்டு வீட்டு உலையையும் கொதிக்க வைத்தது. அந்த வருடம் பள்ளியின் மதர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மேசையில் போன வருடப் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

“மாஸ்டர், இதுங்க நன்மை வாங்க வந்த பிள்ளைங்களா, தூங்க வந்த பிள்ளைங்களா?”

“விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ண மூடிக்குதுங்க மதர்.”

“பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா ஒரு ஸ்டூடியோ வந்திருக்கு. அவங்கள வைக்கலாம்னு ஃபாதர் சொல்றாரு. நான்தான் இந்த ஒரு வருசம் பாப்போம்னு சொல்லியிருக்கேன். பிள்ளைங்க கண்ணு தெறந்திருக்கணும். இல்லேன்னா அடுத்த வருசம் நீங்க வர வேண்டாம்.”

திரும்பி வரும்போது மலைக்கோட்டை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. அந்த வேலை போனால் ஸ்டூடியோ இரண்டு பேரைத் தாங்காது என்பதை மாஸ்டர் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் மெதுவாகக் கேட்டேன்.

“மூடுன கண்ண டச்சிங்குல தெறந்துரலாமே மாஸ்டர்? தோடெல்லாம் வைக்கிறீங்க.”

அவர் நின்றுவிட்டார். “எலைய வரையலாம் அண்ணே. பிள்ளையோட கண்ண வரையக் கூடாது. அது அவுங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சு போகும்.”

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அன்றைக்கு அது பிடிக்கவில்லை.

ஆத்தூருக்கு ஓடினேன். அந்தக் கோடை கடுமை. நீர்த்தேக்கம் அடிமட்டத்துக்குப் போய், வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. எருமைகள் படுக்கும் ஒரு குட்டையில் மட்டும் நாலைந்து செடி ஒட்டிக்கொண்டிருந்தது. பெருமாள் அதை எடுத்துக் கொடுத்தான்.

“இதான் கடைசி மச்சான். இதையும் கொன்னுட்டு வந்தீங்கன்னா ஊர்ல உங்களுக்கு மாலை போடுவோம். நாங்க பரம்பரையா ஒழிக்க முடியாதத நீங்க ரெண்டு பேரா ஒழிச்சிருக்கீங்க.”

செடியோடு வந்து இறங்கினால் டவுனில் தெருக்குழாய் காற்று விட்டுக்கொண்டிருந்தது. கிணறும் வற்றி, குடிக்கவே தண்ணீர் இல்லை. பிரிண்டுகளையே கழுவ முடியாமல், படம் வாங்க வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். செடியை எதைக் கொண்டு கழுவுவது? எருமைக் குட்டைச் சேற்றோடு அப்படியே தொட்டியில் போட்டோம். தொட்டித் தண்ணீரையும் மாற்ற வழியில்லை. அது நாளடைவில் நீர்த்த டீ போல நிறம் மாறியது. வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, தொட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வைத்தோம். தண்ணீர் வற்றும்போது பாத்திரம் அலசிய தண்ணீரில் ஒரு சொம்பை தெரேசம்மா ஊற்றுவார். மாஸ்டர் அந்தப் பக்கமே போகவில்லை. “குழா வரட்டும் அண்ணே, ஒரே நாள்ல நல்லா கழுவிப்புடுவோம்” என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு காலையில் பின்கட்டிலிருந்து தெரேசம்மாவின் குரல் வந்தது.

“என்னங்க, இங்க வாங்க. உங்க முட்டைக்கோசு குட்டி போட்டிருக்கு.”

ஓடினோம். தண்ணீர் பார்க்கச் சகிக்கவில்லை. அதன் மேலே செடி கரும்பச்சையில் நின்றது. ஒவ்வொரு செடியிலிருந்தும் நூல் போல ஒரு கொடி ஓடி, அதன் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிச் செடி. மீன்கள் தாடி வேர்களுக்குள் புகுந்து புகுந்து வந்தன. மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணே, நாம கழுவுனது ஹைப்போவ இல்ல.”

“பின்ன?”

“அதோட சோத்த. தெனம் எலையப் போட்டுச் சோத்த வைக்கிறதுக்குப் பதிலா, தெனம் எலைய எடுத்துக் கழுவி வச்சிருக்கோம்.”

தெரேசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எம்புட்டுத் தண்ணி, எம்புட்டுத் தண்ணி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பழக்கம் யாரை விட்டது? நான் ஒரு குடம் பிடித்துக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்தேன். தொட்டியின் முன்னால் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “அங்கேயே நில்லுங்க அண்ணே. கிட்ட வராதீங்க.”

புதுநன்மை நாள் வந்தது. பூசை முடிந்து பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மதர் முதலில் வந்து சுவரோரம் நின்றுகொண்டார். தொட்டி வழக்கமான இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் பிள்ளை ஒரு சிறுமி. முன்பல் இரண்டும் விழுந்தவள். விளக்கைப் போட்டோம். அவள் கண்ணை மூடவில்லை. மீனைப் பார்த்துவிட்டாள். முழுவதும் திரும்பி உட்கார்ந்து மீனையே பார்த்தாள். கேமராவுக்குக் கிடைத்தது ஒரு காதும் அரைக் கன்னமும்தான்.

“என்னயப் பாரு தாயி.”

அவள் திரும்பி விளக்கைப் பார்த்தாள். கண் மூடிக்கொண்டது.

சுவரோரம் நின்ற மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் கறுப்புத் துணியை விலக்கிவிட்டு வெளியே வந்து, தொட்டியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

“அண்ணே, ஒரு கை பிடிங்க.”

தண்ணீரோடு அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து, கேமராவுக்கு நேர் கீழே முக்காலியில் வைத்தோம். ஆடுகிற ஸ்டாண்டின் கால் ஒன்று தொட்டியில் முட்டி, ஆடாமல் நின்றது. விளக்கைப் போட்டதும் மீன்கள் இலைக்குள் மறைந்தன.

“மீனு எங்க?” என்றாள் சிறுமி.

“எலைக்குள்ள ஒளிஞ்சிருச்சு தாயி. வரும் பாரு. இப்ப வரும்.”

அவள் பார்த்தாள். விளக்கு இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மெழுகுவர்த்தி கையில் சாய்ந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிவப்புத் தலை மெல்ல வெளியே வந்தது. அவள் வாய் திறந்தது, கண் விரிந்தது. மாஸ்டர் தலையைச் சாய்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு விளக்குக்கும் மீன் ஒளிந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்ப வந்தது. கடைசிப் பிள்ளை போகும்வரை அது சலிக்கவில்லை.

அந்தப் பிரிண்டுகளைக் கழுவியதைப் போல நான் எதையும் கழுவியதில்லை. கொண்டுபோய் மதர் மேசையில் பரப்பினோம். அவர் ஒவ்வொரு படத்தின் கண்ணிலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். பல் விழுந்த சிறுமியின் படத்தில் விரல் நின்றது.

“இவளுக்குப் பல்லு இல்லாதது ஊருக்கே தெரியுதே மாஸ்டர்.”

“ஆமா மதர்.”

“இருக்கட்டும். அடுத்த வருசத்துக்கும் நீங்கதான்னு ஃபாதர்கிட்டச் சொல்லிடறேன்.” பிறகு படத்தைக் கையில் எடுத்து ஓரங்களைப் பார்த்தார். “எங்க அந்தச் செடி? எப்பவும் ஒரு மூலையில இருக்குமே. இந்தத் தடவ வரையலையா?”

அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது. எனக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. மாஸ்டர் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

“இல்ல மதர். இந்தத் தடவ அது உசுரோட இருந்துச்சு.”

அதன் பிறகு அந்தச் செடி பெருகிப் பெருகி, புதுநன்மைப் படம் வாங்க வந்தவர்களெல்லாம் ஒரு குட்டியும் வாங்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் அதற்குப் பிறகு ஒரு நெகட்டிவிலும் அதை வரையவில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் படத்தின் மூலையில் செடி மிதந்தால், அப்போது அது செத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியே இல்லாமல், பிள்ளையின் பார்வை மட்டும் கேமராவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், அது அப்போது நன்றாக இருந்தது. செடி வாங்கிப் போனவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் மாஸ்டர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. கழுவாதீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை மூன்று. என் வீட்டுக் கொல்லையில், நான் ஒருபோதும் தண்ணீர் மாற்றாத சிமெண்டுத் தொட்டியில், அந்தச் செடியின் வழி வந்த செடிகள் இருக்கின்றன. பல் விழுந்த சிறுமியின் படத்தில் ஒரு பிரதி இருக்கிறது. ஓரம் வெட்டும்போது கோணலாகிவிட்டதால் எனக்கென்று எடுத்துக்கொண்டது. அவர் டச்சிங் செய்யும் லென்ஸ் இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுவாரம் தெரேசம்மா அதைக் கொடுத்தார். “நீங்கதான் இப்பப் படிக்கிறீங்களே அண்ணே, எழுத்துப் பெருசாத் தெரியும்” என்றார். உண்மைதான். இதை எழுதிவிட்டு அதை வைத்துத்தான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸைச் சிறுமியின் படத்தின் மேல் வைத்தேன். அவள் கருவிழியில் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குள் வட்ட வட்டமாக நிழல். அதற்கு மேல் கறுப்பாக ஏதோ ஒன்று. படத்தையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு தெரேசம்மாவிடம் போனேன். தொட்டி தெரிகிறது, செடி தெரிகிறது என்றேன்.

“அது ஜன்னலு அண்ணே” என்றார் அவர், பார்க்காமலே.

பிறகு லென்ஸை என் கையிலிருந்து வாங்கினார். செத்த நேரம் பார்த்தார். எழுந்துபோய் வாசல் வெளிச்சத்தில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செடியெல்லாம் எனக்குத் தெரியல” என்றார். “தலையச் சாச்சுக்கிட்டு நிக்கிறது அவருதான்.”